மண்ணுள் இட்ட முதல்: இரமணாசிரமப் பகுதியின் மானாவாரி உழவு

சென்ற ஆண்டு ஆடித் திங்கள் இரண்டாம் வாரத்தில், நம் துறையின் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், கல்விக் கட்டணம் செலுத்தக் காலநீட்டிப்பு வேண்டி விண்ணப்பம் ஒன்றை நம்மிடம் தந்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'மல்லாட்டை பிடுங்கியவுடன் கட்டிவிடுகிறேன்' என்று ஒரே வரி எழுதியிருந்தார். ஒற்றுப்பிழையும் இல்லாத விண்ணப்பம் என்பதால் மகிழ்ந்து ஒப்பமிட்டு மேலே அனுப்பினோம். எப்பொழுது பிடுங்குவீர்கள் என்று கேட்க அதன் பின்னரே தோன்றியது. "இன்னும் விதைக்கலைங்க ஐயா, மழை வரணும்" என்றார். விதைக்கப்படாத பயிரையும் பெய்யாத மழையையும் ஈடாகக் கொண்டு நாம் ஒப்பமிட்டிருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வேளாண் சொற்களைத் தொகுக்கும் களப்பணி என்ற பெயரில் நான்கு மாணவர்களுடன் அவர்தம் ஊருக்குச் சென்றோம். சொற்களும் கிடைத்தன. ஆயினும் இக்கட்டுரை சொற்களைப் பற்றியதன்று. வறட்சி, பூச்சி, செலவு என்னும் மூன்றையும் ஒரு சிறு உழவர் குடும்பம் எங்ஙனம் எதிர்கொள்கிறது என்பதை அங்குக் கண்டவற்றோடும் பின்னர்ப் படித்தறிந்தவற்றோடும் சேர்த்து விளக்க முயல்கிறோம்.

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இரமணாசிரமம் உள்ளது. 1896-ஆம் ஆண்டு பதினாறு வயது இளைஞராக அண்ணாமலைக்கு வந்த இரமணர், 1922-இல் தம் அன்னையார் மறைந்த பின்னர் மலையின் தென்னடிவாரத்தில் தங்கலானார். அன்னையாரின் அடக்கத்தலத்தைச் சுற்றியே ஆசிரமம் எழுந்தது. இன்று அச்சாலையில் விடுதிகளும் உணவகங்களும் பல மொழிப் பெயர்ப்பலகைகளும் நிறைந்துள்ளன. முழுநிலா நாளில் பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் நடக்க இடமிராது. ஆனால் சாலையை விட்டுத் தெற்கேயும் மேற்கேயும் சிறிது தொலைவு நடந்தால் காட்சி மாறிவிடும். சமுத்திரம் ஏரியைக் கடந்தால் செம்மண் கொல்லைகள். அவற்றின் நடுவே வரிசை வரிசையாக வெள்ளையடித்த மனைக்கற்கள். எந்த நிலம் உழவுக்கு, எந்த நிலம் விலைக்கு என்பதை அக்கற்களைக் கொண்டே அறிந்து கொள்ளலாம்.

இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இதில் பெரும்பகுதியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கணக்களவில் இது குறைந்த மழையன்று. பாறையின் மேல் மெல்லியதாகப் படிந்த செம்மண் அம்மழையைப் பிடித்து வைக்காது என்பதே தொல்லை. பெய்த பதினைந்தாம் நாள் நிலம் மீண்டும் தண்ணீர் கேட்கும். ஆகவே இங்கு வறட்சி என்பது ஆண்டு மழையின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட நாள்களைப் பொறுத்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே திருவண்ணாமலையில் 2024 திசம்பர் முதல் நாள், புயல் மழையால் மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர்களைக் கொண்டு சென்றது. பெய்யாமலும் கெடுக்கும், ஒருங்கே பெய்தும் கெடுக்கும் வானத்தின் கீழ்தான் இப்பகுதியின் உழவு நடைபெறுகிறது.

இக்கொல்லைகளின் தலைமைப் பயிர் நிலக்கடலை. பாடநூலில் அதனை நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறோம். இவ்வட்டாரத்தில் மல்லாட்டை என்று சொன்னால்தான் அது பயிராகும். பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரின் பெயரால் மணிலாக்கொட்டை எனப்பெற்றது, மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டுச் சீமையெங்கும் பரவியது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரெஞ்சு நாட்டு எண்ணெய், சவர்க்கார ஆலைகளுக்குக் கப்பலேறியது. இந்த மண்ணில் அது வேரூன்றியமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட புகழ்பெற்ற டி.எம்.வி. 2 என்னும் இரகம், குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். நம் வடஆர்க்காட்டு உழவர் கைவிதையே பின்னர் நாடு முழுவதும் சென்றது என்பதில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம்.

மாணவரின் பாட்டனார் எழுபதைத் தாண்டியவர். இரண்டரை ஏக்கர் கொல்லையும், இரண்டு கறவை மாடுகளும் அவருடையவை. திண்ணையில் நம்மை அமரச் செய்து, நம் பெயரைக் கேட்டறிந்ததும் 'பாய்' என்று உறவு கொண்டாடத் தொடங்கிவிட்டார். ஏன் இத்தனை இடருள்ள பயிரை விடாமல் வைக்கிறீர்கள் ஐயா என்று கேட்டோம். அவர் நேராக விடை கூறவில்லை. வீட்டினுள் அழைத்துச் சென்று மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினார். "இது தான் பாய் எல்லாமும். கேவுரு போட்டா ரெண்டு படி போவுது. வானம் பொய்ச்சா ரெண்டு படி நட்டம். மல்லாட்ட போட்டா மூட்டயே போவுது" என்றார்.

இக்கூற்றில்தான் நாம் கூற வந்த செய்தியின் உயிர்நிலை இருக்கிறது. கேழ்வரகு ஓர் ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை போதும். சாமையும் அவ்வளவே. நிலக்கடலைக்கோ ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு வேண்டும். அவ்வளவு பருப்பு கிடைக்க எழுபது கிலோவுக்கு மேல் காய் உடைக்க வேண்டும். விதைப்பது உண்ணத்தக்க, உடனே விற்றுப் பணமாக்கத்தக்க பொருள். நல்ல விளைச்சலிலும் இட்டதற்கு எட்டு மடங்கு, பத்து மடங்கு என்பதுதான் கணக்கு. கேழ்வரகைப் போல நூறு மடங்கன்று. உழவு கூலி, அடியுரம், விதை ஆகிய மூன்றும் மண்ணுக்குள் சென்ற பின்னரே இரண்டாம் மழை வருமா என்று வானத்தைப் பார்க்க இயலும். நாம் வறட்சி, பூச்சி, விலையேற்றம் என்று மூன்று தலைப்புகளாகப் பிரித்துப் பேசுகிறோம். அப்பெரியவருக்கு அவை மூன்றல்ல. மழைக்கு முன்னரே மண்ணில் புதைத்துவிட்ட முதல் எவ்வளவு என்னும் ஒரே கேள்விதான் அவருக்கு உண்டு. புதைத்தது குறைவாயின் வறட்சி ஒரு வருத்தம். மிகுதியாயின் அதுவே கடன்.

வறட்சியும் பூச்சியும் தனித்தனியே வருவன அல்ல என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். நிலக்கடலை விதைத்த ஒரு மாத அளவில் பூக்கும். பூ வாடிய பின் அதனடியிலிருந்து விழுது போன்ற ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்துச் சென்று காயாகும். மேலே பூத்துக் கீழே காய்க்கும் இப்பயிருக்கு, அந்த வேளையில் மேல்மண் இளகி இருத்தல் வேண்டும். அதனால்தான் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளுக்குள் களையெடுத்து, ஏக்கருக்கு நான்கு குவிண்டால் என்று சிலர் அள்ளிக் கொட்டுவது போலன்றி 160 கிலோ ஜிப்சம் இட்டு, மண் அணைத்துவிடுகின்றனர். அதன்பின் மண்ணைக் கிளறுவதில்லை. அந்நாள்களில் மழை தவறினால் விழுது இறுகிய மண்ணில் முட்டிக் காய்ந்துவிடும். அதே வறண்ட இடைவெளியைத்தான் சுருள் பூச்சியும் எதிர்பார்த்திருக்கிறது. இலைக்குள் குடைந்து, பின் இலைகளைப் பிணைத்து, உள்ளிருந்தே தின்னும் இப்புழு, மழை பெய்தால் குறையும். வெயில் நீடித்தால் பெருகும். தொலைவிலிருந்து பார்த்தால் கொல்லை தீய்ந்தாற்போல் தோன்றும். நீரின்றி வாடும் பயிருக்கு மருந்தடிக்கவும் அப்பொழுதுதான் செலவிட வேண்டும். பிழைக்குமா என்று தெரியாத பயிருக்கு மேலும் பணம் புதைப்பதா என்னும் தடுமாற்றம் அங்கே எழுகிறது. "அடிச்சா மருந்துக் கடக்காரனுக்கு நல்லது, வுட்டா புழுவுக்கு நல்லது" என்று பெரியவர் சிரித்தார். நமக்குச் சிரிக்க வரவில்லை.

கம்பளிப்புழுவின் வரலாறு வேறு. முதற்பருவ மழை விழுந்தவுடன் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். முட்டையிட்டு, புழுக்கள் வளர்ந்து, படைபோல் ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்கு நகரும். பின் வரப்போரங்களிலும் மர நிழலிலும் மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு மழைவரை உறங்கும். இதற்குப் பழையோர் கண்ட வழி மூன்று. கோடையில் உழுது கூட்டுப்புழுக்களை வெயிலிலும் பறவைகளின் கண்ணிலும் படச் செய்வது. முதல் மழை பெய்த இரவுகளில் கொல்லைதோறும் சொக்கப்பானை போலத் தீ மூட்டி அந்துகளை வீழ்த்துவது. நகரும் புழுவைத் தடுக்கக் கொல்லையைச் சுற்றி ஓரடி ஆழத்தில் நேர்ச்சுவர்ப் பள்ளம் வெட்டுவது. வேளாண் துறையினர் இன்று விளக்குப்பொறி என்று கூறுவதும் இதன் வழிவந்ததே. ஆனால் தனியொருவர் தீ மூட்டினால் ஊரார் அந்தெல்லாம் அவர் கொல்லையைத் தேடி வரும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. இப்பொழுது நடுநடுவே உழவற்ற மனை நிலங்கள் கிடக்கின்றன. கோடையுழவு காணாத அந்நிலங்கள் கூட்டுப்புழுக்களுக்குப் பாதுகாப்பான உறைவிடங்கள். மனை விற்பனையைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கோணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

கோடையுழவின் பயனை வள்ளுவர் ஒரு குறளில் கூறியிருப்பது மாணவர் அறிந்ததே. ஒரு பலம் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்பது அதன் கருத்து. நாம் அதனை உயர்வு நவிற்சி என்றே பல்லாண்டு கற்பித்து வந்தோம். கோடையில் உழுத கொல்லையையும் உழாத கொல்லையையும் அருகருகே கண்டபின் இனி அவ்வாறு கற்பிக்க மாட்டோம்.

மயிலைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரமத்திற்கு வருவோர் அங்கு உலவும் மயில்களைக் கண்டு மனம் மகிழ்வர். அடிவாரக் கொல்லைகளில் மயில் இறங்கினால் விதைத்த பருப்பை நூல் பிடித்தாற்போல் சால் வழியே கொத்திக்கொண்டு போகும். அழகுக்கும் அழிவுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. விதைத்த ஒரு வாரம் பேரப்பிள்ளைகள் தகரம் தட்டிக் காவல் இருக்கின்றனர்.

இனிச் செலவுக்கு வருவோம். மழை பொய்க்கும் என்ற அச்சமே கிணற்றை ஆழப்படுத்தியது. பெரியவரின் திறந்த கிணறு நாற்பது அடி. 1982-இல் தொடங்கிய வறட்சியில் அதனை மேலும் தோண்டினார்கள். தமிழக அரசு 1990-இல் உழவுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. சிறு உழவருக்குப் பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் இறைப்பதற்குக் கட்டணமில்லை என்றானபின் யார் கிணறு ஆழமானது என்னும் போட்டியும் உடன் பிறந்தது. இங்கு நிலத்தடியில் மணற்படுகை இல்லை, கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீர்தான் ஊற்று. ஒருவர் ஆழ்துளைக் கிணறு இறக்கினால் அடுத்தவர் கிணறு வற்றும். 2017-இல் இவரும் கடன் பெற்று ஆழ்துளை இறக்கினார். புகைதான் வந்தது. அக்கடனின் வட்டி இன்னும் கொல்லையின் மேல் நிற்கிறது.

வடஆர்க்காட்டுச் சிற்றூர்களின் இவ்வாழ்வு அறிஞருலகம் அறியாததன்று. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் இம்மாவட்டத்து ஊர்களை விரிவாக ஆராய்ந்தனர். பத்தாண்டு கழித்து, பசுமைப் புரட்சியின் விளைவை அளவிட அதே ஊர்களுக்கு மீண்டும் ஆய்வாளர் வந்தனர். பீட்டர் ஹேசலும், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான சி. இராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூல் அவ்வாய்வின் பயன். 1982-83 கடும் வறட்சி ஆண்டாக அமைந்துவிட்டமையால், ஒப்பீட்டுக்கு அது பொருந்தாதெனக் கருதி 1983-84-ஆம் ஆண்டுக் கணக்கையே அவர்கள் ஒப்பிடக் கொண்டனர். ஆய்வு நெறிப்படி அது சரியே. ஆனால் வறட்சி ஆண்டைக் கணக்கிலிருந்து நீக்கி வைக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்கு உண்டு, உழவருக்கு இல்லை.

செலவு ஏறும் வேகத்தில் விலை ஏறுவதில்லை என்பது பலரும் கூறும் குறை. நிலக்கடலைக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2014-15-இல் குவிண்டாலுக்கு 4000 உரூபாய்; 2024-25-இல் 6783 உரூபாய். பத்தாண்டில் உழவுக்கூலியும் களைக்கூலியும் எவ்வளவு ஏறின என்பதை வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டறிக. அறிவித்த விலையும் அரசுக் கொள்முதல் நடைபெறும் இடத்தில்தான் விலை. மற்றபடி எண்ணெய்ச் சந்தையே அதனை முடிவு செய்கிறது. 1994-இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின், சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒரு மூட்டை மணிலா என்ன விலை போகும் என்பதில் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பங்கு உண்டாகிவிட்டது. நம் வீட்டுச் சமையலறைகளிலும் செக்கெண்ணெய்க் குடம் இருந்த இடத்தில் நெகிழிப் பை வந்து பல்லாண்டாயிற்று. இதில் நாமும் குற்றமற்றவர் அல்லோம்.

அங்ஙனமாயின் இம்மக்கள் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றனர்? பெரியவரின் முறை இது. இரண்டரை ஏக்கரையும் ஒருங்கே மணிலாவுக்கு விடுவதில்லை. ஓர் ஏக்கர் சாமைக்கும் கேழ்வரகுக்கும். புதைக்கும் முதல் குறைவு, மாட்டுக்குத் தட்டும் கிடைக்கும். மணிலாவுக்குள்ளும் இடையிடையே துவரை, மொச்சை, கம்பு சால்கள், ஓரத்தில் ஆமணக்கு. கம்பு சுருள் பூச்சியைக் குறைக்கும்; ஆமணக்கு இலைப்புழுவைத் தன்பால் ஈர்க்கும். மணிலா பொய்த்தாலும் வேர் ஆழ்ந்த துவரை தை வரை நின்று ஏதேனும் தரும். ஆடியும் கடந்து மழை வராவிடில் மணிலாவைக் கைவிட்டுக் கொள்ளு விதைப்பதும் உண்டு. கிடைத்த ஆண்டில் ஏரி வண்டல் அடிப்பார்கள். 2017-இல் குடிமராமத்துப் பணி மீண்டும் தொடங்கியபோது அடித்த வண்டல், மழை இடைவெளியைச் சில நாள் கூடுதலாகத் தாங்குகிறதாம். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு உரைத்த அறிவுரை, ஏரியைப் பற்றியது மட்டுமன்று, அதன் அடியில் படிந்த மண்ணையும் பற்றியது என்று கொள்ளலாம் போலும்.

இவற்றுள் நம்மை மிகக் கவர்ந்தது விதையைக் காக்கும் முறை. மழை வரும்வரை காயை உடைப்பதில்லை. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு முளைப்புத்திறன் குன்றாது. பூச்சியும் எளிதில் அண்டாது. மழை வராவிடில் அந்த மூட்டையை அப்படியே விற்கவும் இயலும். உடைத்துவிட்டால் இரண்டும் போயிற்று. யூசுஃப் நபி அவர்கள் பஞ்சக் கனவுக்கு விளக்கம் கூறியபோது, விளைந்ததைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்று அறிவுறுத்திய வரலாறு நம் மாணவர் பலரும் சிறுவயதில் கேட்டது. அதன் வேளாண்மை நுட்பம் நமக்கு அந்த மூட்டைகளின் முன் நின்றபொழுதுதான் புலப்பட்டது.

பயிர்க்காப்பீடு பற்றியும் கேட்டோம். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் காரிஃப் பருவ எண்ணெய்வித்துகளுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் இரண்டு விழுக்காடு. நன்றுதான். ஆயினும் மழைக் குறைவால் நேரும் இழப்பு ஒவ்வொருவர் கொல்லையையும் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்கா அளவில் கணக்கிடப்படுகிறது. மலையின் ஒருபுறம் பெய்து மறுபுறம் பொய்க்கும் இந்த ஊரில் அக்கணக்கு எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

இத்தொல்லை ஏழை நாட்டுக்கே உரியது என்று எண்ண வேண்டா. கனடாவின் மேற்குப் புல்வெளிச் சமவெளிகளில் 1930-களில் தொடர் வறட்சி, வெட்டுக்கிளிக் கூட்டம், கோதுமை விலை வீழ்ச்சி ஆகியன ஒருசேர வந்தன. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தோரும் நிலத்தை விட்டுப் பெயர்ந்தனர். 1935-இல் கனடா அரசு புல்வெளிப் பண்ணை மறுவாழ்வுச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் செய்தவற்றுள் ஒன்று, பண்ணைதோறும் பனியுருகு நீரைத் தேக்கும் குட்டை வெட்ட உதவியது. நாம் இன்று பண்ணைக்குட்டை என்பதும் அதுவே. ஒரு வேறுபாடு காண்க. அங்குக் காற்று மண்ணை அள்ளிச் சென்றதால் உழவைக் குறைக்கக் கற்றனர். இங்கு இறுகும் செம்மண்ணில் நீரிறங்கக் கோடையுழவு வேண்டியிருக்கிறது. ஒரு நாட்டு மருந்தை மற்றொரு நாட்டுக்கு அப்படியே கொண்டுவர இயலாது.

திண்ணையில் இவ்வளவும் பேசிக் கொண்டிருக்கையில் பெரியவரின் மகன், அதாவது மாணவரின் தந்தையார், வேலை முடித்து வந்தார். நகரில் கொத்தனார். நம் பேச்சைச் சிறிது கேட்டுவிட்டு, "அப்பாவுக்குச் சொல்லுங்க சார். மனை போட்டா ஒரே தடவையில கடன் தீரும், பையன் படிப்பும் முடியும்" என்றார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மகன் கூறியது தவறென்று நம்மால் சொல்ல இயலவில்லை. பிறர் உழைப்பில் விளைந்ததை உண்டுகொண்டு, நிலத்தை விற்காதீர் என்று அறிவுரை கூறுவது நம் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு எளிது. அக்கொல்லையை வாங்க வந்தவர்கள் ஆவணி வரை தவணை தந்திருந்தனர்.

மழை ஆடிக் கடைசியில் வந்தது. காலங்கடந்த மழை. அப்பொழுது விதைத்தால் 105 நாள் பயிர் கார்த்திகையில்தான் முற்றும். கொத்து இரகங்களுக்கு உறக்கக் காலம் இல்லை. முற்றிய வேளையில் வடகிழக்கு மழை பிடித்துக் கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இதைப் பெரியவர் நம்மினும் நன்கறிவார். நம் மாணவர் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது இரு கைப் பெருவிரல்களிலும் துணி சுற்றியிருந்தது. காய் உடைத்தாராம், வீடே உட்கார்ந்து உடைத்ததாம். எவ்வளவு என்று கேட்டோம். "ஒரு ஏக்கருக்கு மட்டும்தாங்க ஐயா. மீதி மூட்டையைத் தாத்தா உடைக்க விடலை" என்றார். வருகைப் பதிவேட்டில் அவ்விரண்டு நாள்களுக்கும் எதிரே நாம் என்ன குறித்தோம் என்பதை முதல்வர் அவர்களும் படிக்கக்கூடிய இம்மலரில் எழுதுவதற்கில்லை.